சாம்பலைப் பார்க்கக் காசு கொடுத்துப் போனேன்

கொஞ்சம் நீளமான பதிவு. காப்பி போட்டுக்கொண்டு உட்கார்ந்து படியுங்கள்.

ஜாவாத் தீவில் மெராப்பி எரிமலை அடிவாரத்துக்குப் போய்வந்த படங்களைப் போட்டதிலிருந்து இரண்டு கேள்விகள் மாறி மாறி வந்துகொண்டிருக்கின்றன. முதலாவது, தங்கை மகன் போனில் கேட்டது: "பெரியம்மா, எரிமலைன்னு தெரிஞ்சும் அதுக்குக் கீழேயே வீடு கட்டிக்கிட்டு இருக்காங்களே, அவங்களுக்குப் புத்தி இல்லையா?" இரண்டாவது, 1996-இல் என்னிடம் பத்தாம் வகுப்பு படித்த ஒரு மாணவி கேட்டது: "டீச்சர், செத்தவங்க வீட்டைக் காசு கொடுத்துப் போய்ப் பார்க்கிறது சரியா?"

முதல் கேள்வியைக் கேட்டவனுக்கு ஊரிலிருந்தே பதில் சொல்லிவிடலாம். இரண்டாவதைக் கேட்டவள் நாகப்பட்டினம் கடற்கரைக் கிராமத்துப் பெண். 2004 டிசம்பர் 26 அன்று அவள் வீட்டில் என்ன நடந்தது என்று அவளோடு படித்தவர்களுக்குத் தெரியும். அவள் கேட்டால் யோசித்துத்தான் பதில் சொல்லவேண்டும். ஒரு வாரம் யோசித்தேன்.

முதலில் இடத்தைச் சொல்லிவிடுகிறேன். யோக்யகர்த்தா நகரத்துக்கு வடக்கே ஏறத்தாழ 30 கிலோமீட்டரில் மெராப்பி நிற்கிறது. உயரம் சுமார் 2,900 மீட்டர். மகள் கோலாலம்பூரில் இருப்பதால் அங்கிருந்து விமானம் ஏறிவிட்டோம். விடியற்காலையில் பார்த்தால் மலை முழுசாகத் தெரியும், உச்சியில் மெல்லிய புகை. எட்டு ஒன்பது மணிக்கெல்லாம் மேகத்தைப் போர்த்திக்கொள்ளும். சோம்பேறிகளுக்கு மெராப்பி தரிசனம் கிடையாது.

எரிமலை என்று வகுப்பில் சொன்னால் நீங்கள் எல்லோரும் நோட்டில் சிவப்பு ஆறு ஒன்று வரைவீர்கள். மெராப்பியில் அந்தச் சிவப்பு ஆறு பெரிய பயமில்லை. இதன் குழம்பு கெட்டியானது. ஓடாமல் உச்சியிலேயே குவிமாடம் மாதிரி திரண்டு நிற்கும். அது பாரம் தாங்காமல் சரியும்போது, அல்லது உள்ளே அடைபட்ட வாயு வெடிக்கும்போது, பாறைத் துண்டும் சாம்பலும் கொதிக்கும் வாயுவும் ஒன்றாகக் கலந்து சரிவில் உருண்டு இறங்கும். பல நூறு டிகிரிச் சூடு, மணிக்கு நூறு கிலோமீட்டருக்கு மேல் வேகம். தூரத்திலிருந்து பார்த்தால் சுருள்சுருளாக ஒரு மந்தை இறங்குவது போல இருக்குமாம். உள்ளூர்க்காரர்கள் அதற்கு வைத்திருக்கும் பெயர் 'வெடுஸ் கெம்பெல்'. சடை விழுந்த செம்மறி என்று பொருள். ஆடு மேய்ப்பவர்கள் வைத்த பெயர் வேறு எப்படி இருக்கும்?

2010 அக்டோபர் 26 மாலை அந்த மந்தை கினாரெஜோ என்ற மலைக் கிராமத்தின் மேல் இறங்கியது. முந்தின நாள் காலையிலேயே உச்சகட்ட எச்சரிக்கை கொடுத்து, 10 கிலோமீட்டருக்குள் இருப்பவர்கள் வெளியேறச் சொல்லியிருந்தார்கள். நவம்பர் 3 அன்று எல்லையை 15 கிலோமீட்டராக்கினார்கள். 5-ஆம் தேதி நள்ளிரவு தாண்டியதும் 1872-க்குப் பிறகான மிகப் பெரிய வெடிப்பு. உடனே எல்லை 20 கிலோமீட்டர். கெண்டோல் ஆற்றுப் பள்ளம் வழியாக அந்தச் சூடு 15 கிலோமீட்டருக்கும் அப்பால் வந்தது. 350-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். மூன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் வீட்டை விட்டு வெளியேறினார்கள். மகுவோஹார்ஜோ என்ற கால்பந்து மைதானத்தில் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் படுத்துக் கிடந்தன. மலைக்கு மேற்கே இருக்கும் போரோபுதூர் பௌத்தத் தூபியின் மேலும் சாம்பல் படிந்தது. பிறகு ஊர்க்காரர்களும் தன்னார்வலர்களும் சேர்ந்து துடைப்பமும் வாளியுமாக அதைச் சுத்தம் செய்தார்கள்.

இப்போது தங்கை மகனுக்கு வருகிறேன்.

அந்த மண்ணைக் கையில் எடுத்துப் பார்த்தேனப்பா. கருப்பாக, நொறுநொறுவென்று இருக்கிறது. சாம்பல் விழுந்த சில வருடங்களில் அதில் புல் இடுப்புயரம் வளர்கிறது. அந்தப் புல்லை நம்பிக் கறவை மாடு. மேற்குச் சரிவுப் பக்கம் சலாக் என்று ஒரு பழம் விளைகிறது. தோல் பாம்புச் சட்டை மாதிரி இருக்கும், உள்ளே பூண்டுப் பல் மாதிரிச் சுளை, நல்ல இனிப்பு. மேலே கொஞ்சம் காப்பித் தோட்டம். ஆற்றில் மலை கொண்டுவந்து போடும் மணல், கட்டடத்துக்குப் பெயர்போனது. மலை எடுக்கிறது என்று நமக்குச் செய்தியில் தெரிகிறது. மலை கொடுப்பது எந்தச் செய்தியிலும் வருவதில்லை.

இது புதிய கதையும் இல்லை. 1966-இல் யோக்யகர்த்தாவுக்குக் கிழக்கே ஒரு விவசாயி வயலில் வெட்டும்போது மண்வெட்டி கல்லில் பட்டது. தோண்டத் தோண்ட ஒரு சிவன் கோயிலே வெளியே வந்தது. சம்பிசாரி என்று பெயர். ஒன்பதாம் நூற்றாண்டுக் கோயில். மெராப்பியின் சாம்பலும் சேறும் மூடி, தரைமட்டத்துக்கு ஆறரை மீட்டர் கீழே கிடந்திருக்கிறது. இன்று படி இறங்கித்தான் சாமி கும்பிடவேண்டும். உள்ளே லிங்கம். வெளி மாடங்களில் துர்க்கை, பிள்ளையார், தெற்குப் பக்கம் நம்ம அகத்தியர். அவரைப் பார்த்ததும் எனக்கு உறவுக்காரரை வெளியூரில் பார்த்த மாதிரி ஆகிவிட்டது. மாப்பிள்ளை நாலு படம் எடுத்தார்.

கோயிலையே ஆறரை மீட்டர் புதைத்த மலை. அதன் பிறகும் அதே இடத்தில் வயல் போட்டு, ஆயிரம் வருடம் கழித்து ஒரு மனிதன் அங்கே மண்வெட்டியோடு நிற்கிறான் என்றால், அவனுக்குப் புத்தி இல்லை என்று சொல்ல நாம் யார்? 1930-இல் 1,300-க்கும் மேற்பட்டோரைக் கொன்றது இதே மலை. 1994-இல் அறுபதுக்கும் மேல். அவர்களுக்கு நம்மைவிட நன்றாகவே கணக்குத் தெரியும். 2015-இல் வீட்டுக்குள் தண்ணீர் வந்த அதே வேளச்சேரித் தெருவில் நீயும்தானே இன்னும் வாடகை கொடுத்துக்கொண்டிருக்கிறாய்? வேலை அங்கே, பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் அங்கே என்கிறாய். அவர்களும் அதையேதான் சொல்கிறார்கள். மாடு அங்கே, புல் அங்கே.

மாடு என்று சொன்னதும் எங்கள் ஜீப் ஓட்டுநர் நினைவுக்கு வருகிறார். நாற்பது வயது இருக்கும். பாதி ஆங்கிலம், பாதி கைபேசியின் மொழிபெயர்ப்பு, அப்படித்தான் பேசிக்கொண்டோம். 2010-இல் மாட்டைக் கீழே கொண்டுவர வழியில்லாமல் பலர் முகாமில் இருந்துகொண்டே பகலில் மேலே ஏறிப் புல் போட்டுவிட்டு வந்தார்களாம். "மனுஷனுக்கு முகாம் இருந்தது, மாட்டுக்கு இல்லை" என்றார். அரசாங்கம் மாடுகளை விலைக்கு வாங்கிக்கொள்கிறோம் என்று சொன்ன பிறகும் சிலர் மனம் ஒப்பவில்லை. மாடு வளர்த்த வீட்டில் பிறந்தவர்கள் இதைப் படித்தால் சிரிக்க மாட்டார்கள். எச்சரிக்கை கொடுப்பவர்கள் மாட்டுக்கும் ஒரு கொட்டகை யோசித்து வைக்கவேண்டும் என்று எந்தப் பாடப்புத்தகத்திலாவது எழுதியிருக்கிறதா? நான் முப்பத்துநாலு வருடம் புவியியல் நடத்தினேன், ஒரு வரி இல்லை.

இன்னொருவர் கதையையும் சொல்லவேண்டும். மரிஜான் தாத்தா. கினாரெஜோக்காரர். யோக்யகர்த்தா சுல்தான் அவரை மலையின் சாவிக்காரராக நியமித்திருந்தார். வருடத்துக்கு ஒருமுறை அரண்மனையிலிருந்து வரும் காணிக்கையை மலைக்குச் செலுத்துவது அவர் பொறுப்பு. அப்பாவுக்குப் பிறகு அவருக்கு வந்த பொறுப்பு அது. 2006-இல் மலை குமுறியபோது கீழே இறங்கு என்றார்கள், மறுத்துவிட்டார். அந்தத் தடவை அவர் ஊருக்கு ஒன்றும் ஆகவில்லை. நாடு முழுக்கப் புகழ் பரவி, ஒரு சக்தி பானத்தின் விளம்பரத்தில்கூட வந்தார். 2010-இலும் இறங்கவில்லை. 83 வயது. தொழுகையில் குனிந்த நிலையிலேயே உடல் கிடைத்தது. அவரைக் கூட்டிவரப் போன ஒரு பத்திரிகையாளரும் ஒரு செஞ்சிலுவைத் தொண்டரும்கூட இறந்தார்கள்.

இதைக் கேட்டதும் "மூடநம்பிக்கை" என்று ஒரு வார்த்தையில் முடித்துவிடுபவர்கள் உண்டு. எனக்கு அது அவ்வளவு சுலபமாகத் தெரியவில்லை. ஒரு பொறுப்பை ஏற்றவர், அது தன்னைக் கொன்றாலும் விடமாட்டேன் என்று இருந்தார். அது அவர் உயிர். என் மனக்குறை வேறு இடத்தில். தாத்தா இருக்கிறார், அப்புறம் நமக்கென்ன என்று அவரை நம்பி இருந்தவர்களும் உண்டே? 2006-இல் தப்பித்தது 2010-க்குச் சான்றாகிவிட்டது. அதே 2006-இல் அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் காலியாடெம் என்ற இடத்தில் பதுங்கு அறைக்குள் ஓடிப் புகுந்த இரண்டு பேர் வெந்து செத்திருந்தார்கள். அதை யாரும் சான்றாக எடுத்துக்கொள்ளவில்லை. தப்பித்தவன் கதைக்குத்தான் விளம்பரம் கிடைக்கிறது.

மறுபக்கம் சுரோனோ என்று ஓர் அறிவியலாளர். நாட்டின் எரிமலைக் கண்காணிப்பு மையத்துக்கு அப்போது தலைவர். எல்லையை 10, 15, 20 என்று தள்ளிக்கொண்டே போனவர்களின் முன்னணியில் இருந்தவர். அந்த முடிவுகளால் பத்தாயிரத்திலிருந்து இருபதாயிரம் உயிர்கள் தப்பின என்று பிறகு ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். 20 கிலோமீட்டர் என்றால் எத்தனை ஊர்கள், எத்தனை திட்டுகள் வாங்கியிருப்பார் என்று யோசியுங்கள். ஒன்றும் நடக்காமல் போயிருந்தால் அவரைத் தலையில் தூக்கி வைத்து ஆடியிருப்பார்களா? மக்கள் அவரையும் 'ம்பா ரோனோ', அதாவது ரோனோ தாத்தா, என்றே கூப்பிட ஆரம்பித்தார்கள். எனக்கு மிகவும் பிடித்த விஷயம் இதுதான். விஞ்ஞானிக்கும் தாத்தா பட்டம் கொடுத்தால்தான் அந்த ஊரில் பேச்சு எடுபடுகிறது. நம் ஊரில் புயல் எச்சரிக்கை சொல்பவர்களில் எவரை நாம் பெரியப்பா என்று கூப்பிட்டோம்? ரமணன் சாரை மட்டும் சொல்லலாம், அதுவும் பள்ளிக்கூடம் லீவு விடுவார் என்பதற்காக!

அடுத்தது வீடு. மெராப்பியில் எனக்குப் பிடித்துப்போன ஏற்பாடு இது. ஆபத்தான பகுதியில் இருந்தவர்களுக்குச் சில கிலோமீட்டர் கீழே புதிய குடியிருப்பு கட்டிக்கொடுத்தார்கள். ஒவ்வொன்றும் 36 சதுர மீட்டர். ஒப்பந்ததாரர் கையில் மொத்தமாகக் கொடுக்காமல், குடும்பங்களைக் குழுவாகச் சேர்த்து, பணத்தை அவர்களிடமே கொடுத்துக் கட்டச் சொன்னார்கள். சுனாமிக்குப் பிறகு ஆச்சேயிலும், 2006 யோக்யகர்த்தா நிலநடுக்கத்துக்குப் பிறகும் செய்து பழகிய முறை. பழைய நிலம் அவர்களுடையதாகவே இருக்கிறது. பகலில் போய்ப் புல் அறுக்கலாம், காப்பி பறிக்கலாம், ஜீப் ஓட்டலாம். அங்கே வீடு கட்டி இரவு தங்கக் கூடாது. பிழைப்பு மேலே, தூக்கம் கீழே. எங்கள் ஓட்டுநரும் அப்படித்தான் இருக்கிறார். வீடு சிறியதுதான், மழை பெய்தால் தூக்கம் வருகிறது என்றார்.

மூன்று குக்கிராமங்கள் வரமாட்டோம் என்று மறுத்துவிட்டு மேலேயே இருக்கின்றன. அது எனக்கு நெருடல்தான். ஆனால் அவர்களைப் போலீஸ் வைத்து இழுத்து வராததும் நல்லதென்றே படுகிறது. வேறு சில இடங்களில் மலை ஊருக்கும் கீழே உள்ள ஓர் ஊருக்கும் 'சகோதர கிராமம்' என்று முடிச்சுப் போட்டு வைத்திருக்கிறார்கள். மலை குமுறினால் யார் எந்த ஊருக்குப் போய்த் தங்குவது என்று முன்கூட்டியே பேசி முடித்தது. சம்பந்தி வீடு மாதிரி. முன்பின் தெரியாத மைதானத்தில் போய்ப் படுப்பதைவிட இது எவ்வளவோ மேல்.

நாகையில் நாம் பார்த்தது நினைவிருக்கிறதா? மாவட்டத்தில் மட்டும் 6,000-க்கும் மேல் போய்விட்டார்கள். அலையிலிருந்து 200 மீட்டருக்குள் இருப்பவர்கள் தள்ளிப் போனால் வீடு, போகாவிட்டால் உதவி இல்லை என்று விதி வந்தது. தள்ளிக் கட்டிய வீட்டிலிருந்து படகு தெரியாது, காற்று தெரியாது, வலை காயப்போட இடம் கிடையாது. கடலைப் பார்க்காமல் எப்படி டீச்சர் தொழிலுக்குப் போறது என்று ஒரு மாணவனின் அப்பா என்னிடம் கேட்டார். பிழைப்பையும் தூக்கத்தையும் பிரிக்கலாம், நடுவில் தினமும் போய்வர வழி இருக்கவேண்டும். அங்கே ஓட்டுநர் தன் வீட்டிலிருந்து இருபது நிமிடத்தில் தன் பழைய மனையில் நிற்கிறார். அதுதான் வித்தியாசம்.

இனி, மாணவி கேட்ட கேள்வி.

2005 ஜனவரியில் நம் ஊருக்கு வேன் வேனாக ஆட்கள் வந்தார்கள். எல்லோரும் உதவி செய்ய வந்தவர்கள் இல்லை. சாலையில் ஏறிக் கிடந்த படகுக்கு முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். "பிணம் எல்லாம் எங்கே கிடந்துச்சு?" என்று குழந்தைகளிடமே கேட்டார்கள். நீ அப்போது எதிரில் நின்றாய், எனக்கு நினைவிருக்கிறது. அந்த மாதிரிப் போவதை நான் அன்றும் ஏற்கவில்லை, இன்றும் ஏற்கவில்லை. புண் ஆறாத இடத்துக்கு வேடிக்கை பார்க்கப் போகக் கூடாது.

மெராப்பியில் கினாரெஜோ, பெதுங் பக்கத்து மக்கள் பிழைப்பை இழந்து நின்றபோது, பார்க்க வருபவர்களைத் தாங்களே கூட்டிப்போக முடிவு செய்தார்கள். பழைய ஜீப்புகளை வாங்கிப் பழுதுபார்த்து, சங்கம் அமைத்து, முறை வைத்து ஓட்டுகிறார்கள். ஒரு ஜீப்புக்கு நாங்கள் கொடுத்தது நான்கு லட்சம் ரூபியா. லட்சம் என்றதும் பயப்படாதீர்கள், நம் பணத்தில் இரண்டாயிரத்துச் சொச்சம். வழிகாட்டுபவர் இழந்தவரே. எங்கே நிறுத்தவேண்டும், எதைச் சொல்லவேண்டும், எதைச் சொல்லாமல் விடவேண்டும் என்று தீர்மானிப்பதும் அவரே. ஓரிடத்தில் எங்கள் ஓட்டுநர் வண்டியை மெதுவாக்காமல் கடந்து போனார். மகள் ஏதோ கேட்க வாயெடுத்தாள், நான் கையைப் பிடித்துக்கொண்டேன்.

பெதுங்கில் ஒரு வீட்டைச் சிறு அருங்காட்சியகமாக வைத்திருக்கிறார்கள். 'சிசா ஹார்த்தாக்கு' என்று பெயர். என் சொத்தில் மிச்சம் என்று பொருள். உருகிப்போன பாட்டில்கள், இரும்புக் கூடு மட்டும் நிற்கும் மோட்டார் சைக்கிள், மாட்டின் எலும்பு, சமையல் பாத்திரங்கள். சுவரில் ஒரு கடிகாரம். கண்ணாடியும் முகப்பும் உருகி வழிந்து, முள் 12:05-இல் நிற்கிறது. நவம்பர் 5 நள்ளிரவு. நான் கடிகாரத்தைவிட அந்தப் பாத்திரங்களைத்தான் அதிக நேரம் பார்த்தேன். கரண்டி கரண்டியாகவே இருக்கிறது, குழந்தைத் தட்டு ஒன்று மடங்கிப் போயிருக்கிறது. யாரோ சாம்பலைக் கிண்டி இதையெல்லாம் பொறுக்கி, துடைத்து, அடுக்கி, கதவைத் திறந்து "வந்து பாருங்கள்" என்கிறார்கள். அந்த வீட்டுக்காரர்கள் கூப்பிடுகிறார்கள் அம்மா. அதனால் போனேன். கூப்பிடாத வீட்டுக்குப் போகமாட்டேன்.

எல்லாம் நன்றாக இருக்கிறது என்றும் சொல்லமாட்டேன். அருங்காட்சியகத்திலிருந்து வெளியே வந்தால் கொஞ்ச தூரத்தில் இங்கிலாந்தின் ஸ்டோன்ஹெஞ்சைப் போலிக் கற்களால் கட்டி வைத்திருக்கிறார்கள், படம் எடுக்க. கோட்டை மாதிரி ஒரு கேளிக்கை இடம் வேறு. அந்த மண்ணுக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்? பயணத்தின் முடிவில் ஜீப்பை ஆற்றுத் தண்ணீரில் வேகமாக ஓட்டி எல்லோரையும் நனைக்கிறார்கள். இளசுகள் கூச்சல் போடுகிறார்கள். ஓட்டுநரும் சிரிக்கிறார். அவர் சிரிக்கும்போது நான் முகம் சுளிக்க எனக்கு உரிமை இல்லை என்று பேசாமல் நனைந்தேன். புடவை காய இரண்டு மணி நேரம்.

உண்மையில் கவலைப்படவேண்டியது மணல். ஜாவா மொழியில் 'காலி' என்றால் ஆறு. அந்தக் காலிகளில் லாரிகள் வரிசை கட்டி நிற்கின்றன. வெடிப்புக்குப் பிறகு குவிந்த மணலை அள்ளுவது ஊரைக் காப்பாற்றவும் தேவைதான். இல்லாவிட்டால் மழையில் சேறும் பாறையுமாக இறங்கிக் கீழ்க் கிராமங்களை அடிக்கும். 2011 தொடக்கத்தில் காலி புத்தி ஆற்றில் அப்படி இறங்கி நெடுஞ்சாலையையே மறித்தது. அதைத் தடுக்கத்தான் ஆறுகளின் குறுக்கே சபோ என்று ஜப்பானிய முறைத் தடுப்பணைகள். ஆனால் ஆற்றில் அள்ளுவது ஒன்று, கரையைக் குடைந்து தோட்டத்தையே பள்ளமாக்குவது இன்னொன்று. கொள்ளிடக் கரைக்காரர்களுக்கு இதை நான் விளக்கவேண்டியதில்லை.

போக நினைப்பவர்களுக்கு: ஜூன் முதல் செப்டம்பர் வரை மழை குறைவு. மழை மாதங்களில் ஆற்றுப் பள்ளத்துக்குள் யார் கூப்பிட்டாலும் இறங்காதீர்கள், மேலே பெய்வது கீழே தெரியாது. மலை 2020 நவம்பரில் இரண்டாவது உயர்நிலை எச்சரிக்கைக்குப் போனது, நான் போனபோதும் அதில்தான் இருந்தது. அன்றன்றைய நிலவரம் கேட்டுவிட்டுப் புறப்படுங்கள். பேரம் பேசாதீர்கள். மேலே ஒரு சின்னக் கடையில் அங்கேயே விளைந்த காப்பியைப் பொடி வடிகட்டாமல் கொடுக்கிறார்கள், அடியில் தங்கும் வரை பொறுத்துக் குடியுங்கள். சலாக்கை அங்கேயே உட்கார்ந்து தின்றுவிடுங்கள். தோலை நுனியில் கிள்ளி உரிக்கவேண்டும், நடுவில் அழுத்தினால் விரலில் குத்தும்.

மாணவிக்குத் தனியாக ஒன்று. அடுத்த தடவை நீயும் வா. கடிகாரம் இருக்கும் அறைக்குள் வர விருப்பமில்லை என்றால் வெளியே திண்ணையில் உட்கார்ந்துகொள். அங்கே பூனைக்குட்டிகள் இருக்கின்றன.